சீனர் விலக்கிலிருந்து நாடற்றோர் வரை: வன்னிக்கு ஒரு வினா

கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பகுதியிலுள்ள கௌதாரிமுனையில் 2021ஆம் ஆண்டு சீன முதலீட்டுடன் கடலட்டைப் பண்ணையொன்று அமைந்தபோது, அப்பகுதி மீனவர் அதனை எதிர்த்தனர். கரையோரக் கடல் எவருக்குரியது, அதில் பண்ணை அமைக்க அனுமதி வழங்கும் அதிகாரம் எவரைக் கேட்டுப் பயன்படுத்தப்பட்டது என்ற கேள்விகள் அவ்வெதிர்ப்பில் அடங்கியிருந்தன. அவை நியாயமான கேள்விகள். ஆயின் அவ்வெதிர்ப்பைப் பற்றிய நம் பேச்சில் விரைவிலேயே தொனி மாறிற்று. கடலும் அனுமதியும் பின்தள்ளப்பட்டன. 'சீனன் வந்துவிட்டான்' என்ற கூக்குரலே முன்னின்றது.

மூலதனத்தின் ஆதிக்கத்தை எதிர்ப்பதும், ஒரு மக்கட் கூட்டத்தை அதன் பிறப்புக் காரணமாக அஞ்சுவதும் ஒன்றல்ல. முன்னையது உழைப்போரின் அரசியல். பின்னையதற்கு வேறொரு வரலாறு உண்டு. அது சட்டப் புத்தகங்களில் எழுதப்பட்ட வரலாறு. அவ்வரலாற்றில் சீனரும் தமிழரும் ஒரே பக்கத்தில், அதாவது விலக்கப்பட்டோரின் பக்கத்தில், இடம்பெற்றுள்ளனர் என்பதை நாம் மறந்துவிட்டோம். மறந்ததோடு அமையாது, விலக்கியோரின் சொற்களை எடுத்து நம்மவர் சிலர்மீதே எறிந்தும் வருகிறோம். இக்கட்டுரை அம்மறதிக்கு எதிராக எழுதப்படுவது.

1. சீனர் விலக்கு

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த புகையிரதப் பாதை 1869இல் நிறைவுற்றது. அதன் மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்து பாதையமைத்தோருட் பெரும்பாலோர் சீனத் தொழிலாளரே. பாதை முடிந்தது, பின்னர் பொருளாதார மந்தம் வந்தது, வேலையின்மை பெருகிற்று. கூலியைக் குறைத்தவன் முதலாளி. ஆயின் வெள்ளைத் தொழிலாளரின் கோபம் அவன்மீது செல்லவில்லை. குறைந்த கூலிக்கு உழைக்க நிர்ப்பந்திக்கப்பட்ட சீனன்மீது அது திருப்பிவிடப்பட்டது. 1877இல் கலிபோர்னியாவில் தோன்றிய தொழிலாளர் கட்சியின் தலைவர் டெனிஸ் கேர்னி, சீனரை வெளியேற்றுவதையே தம் முழக்கமாக்கினார்.

1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் இச்சூழலில் விளைந்ததே. சீனத் தொழிலாளர் நாட்டினுள் வருவதைப் பத்தாண்டுகளுக்கு நிறுத்திய அச்சட்டம், அந்நாட்டிலிருந்த சீனர் பிரசாவுரிமை பெறுவதையும் தடுத்தது. ஒரு குறிப்பிட்ட இனத்தின் உழைப்பாளரைப் பெயர் சுட்டி விலக்கிய முதலாவது அமெரிக்கச் சட்டம் இதுவேயாகும். 'பத்தாண்டு' என்ற வரையறை விரைவில் பொருளிழந்தது. 1888ஆம் ஆண்டுச் சட்டம், விடுமுறையில் தாயகம் சென்றிருந்த சீனரின் மீள்வருகைச் சான்றிதழ்களை ஒரே வீச்சில் செல்லாதனவாக்கிற்று. 1892ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்காவில் வாழ்ந்த சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் வதிவிடச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. சான்றிதழ் பெறத் தவறியவன் தன் வதிவை நிறுவ வெள்ளையர் ஒருவரைச் சாட்சியாகக் கொண்டுவரல் வேண்டும். அதே சட்டம் விலக்கை மேலும் பத்தாண்டுகளுக்கு நீடித்தது; ஈற்றில் விலக்கு காலவரையறையற்றதாயிற்று. அது நீக்கப்பட்டது 1943இல். சீனா போரில் அமெரிக்காவின் நேசநாடாக இருந்த வேளையில். அப்பொழுதும் சீனருக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் ஆண்டொன்றுக்கு 105 மட்டுமே.

ஈண்டு இரு செய்திகளை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவரின் வழக்கு. அந்நாட்டு மண்ணிற் பிறந்தமையால் அவர் அந்நாட்டின் பிரசையே என 1898இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீன வெறுப்பு உச்சத்திலிருந்த காலத்திலேயே அத்தீர்ப்பு வந்தது. இரண்டாவது, 1906ஆம் ஆண்டுப் பூகம்பத்தையும் அதைத் தொடர்ந்த தீயையும் அடுத்து நிகழ்ந்தது. சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் அத்தீயில் எரிந்தபின், சீனர் பலர் பிரசாவுரிமை பெற்ற ஒருவருக்குப் பிறந்த மகன் எனப் பத்திரத்தில் எழுதி உள்ளே வந்தனர். 'காகித மகன்' என அழைக்கப்பட்ட அவர்கள் பிறிதொருவரின் குடும்பப் பெயரைத் தாங்கி வாழ்ந்தனர். தம் உண்மைப் பெயரைப் பேரப்பிள்ளைகளிடமும் கூறாமல் மாண்டவர் உளர். விலக்குச் சட்டம் எல்லையிலே முடிவதில்லை. அது மனிதனைத் தன் பெயரையே மறைக்கச் செய்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

2. சட்டங்களின் பயணம்

மனிதர் பயணஞ் செய்வதைத் தடுத்த இச்சட்டங்கள் தாம் மட்டும் தடையின்றிப் பயணஞ் செய்தன. தென்னாபிரிக்காவின் நேற்றாலில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியருள் தமிழர் பெருந்தொகையினர். இந்தியர் அங்கே பெருகுவதைத் தடுக்க 1897இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதில் இந்தியர் என்ற பெயரே இல்லை. ஐரோப்பிய மொழியொன்றில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி மட்டுமே இருந்தது. இனத்தைப் பெயர் சுட்டாமலே இனத்தை விலக்கும் இத்தந்திரத்தை, பிரித்தானியக் குடியேற்ற நாட்டமைச்சர் யோசப் சேம்பர்லேன் ஏனைய குடியேற்றங்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். 1901இல் அவுஸ்திரேலியா அதனை ஏற்று, ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைச் சொல்லக் கேட்டு எழுதும் பரீட்சையைப் புகுத்திற்று. அதிகாரி தாம் விரும்பிய மொழியைத் தெரிவு செய்யலாம். அங்கே அதன் முதன்மை இலக்கு சீனர். தமிழருக்கெதிராக நேற்றாலில் தீட்டப்பட்ட கத்தி சீனரின் கழுத்தில் வைக்கப்பட்டது எனின் மிகையன்று.

கனடா வேறொரு வழியைக் கையாண்டது. 1885இல் உள்ளே வரும் சீனர் ஒவ்வொருவருக்கும் 50 டொலர் தலைவரி. அது 1900இல் 100 ஆகி 1903இல் 500 ஆயிற்று. 1923இல் வரிக்கே இடமின்றி, சீனர் வருகை ஏறக்குறைய முற்றாகத் தடுக்கப்பட்டது. அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. 2006இல் பிரதமர் ஸ்ரீபன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் எழுந்து தலைவரிக்காகச் சீனரிடம் மன்னிப்புக் கோரினார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2010 ஓகஸ்ற் மாதத்தில் 'சன் சீ' என்னும் கப்பல் 492 ஈழத்தமிழருடன் அதே மேற்குக் கரையை அடைந்தது. வன்னியின் இறுதிப் போரிலிருந்து தப்பியவர்கள் அதிலிருந்தனர். மன்னிப்புக் கோரிய அதே பிரதமரின் அரசு அவர்களைத் தடுப்பில் வைத்தது. கூட்டமாகக் கடல்வழி வருவோரைத் தடுத்து வைப்பதற்கென 2012இல் தனிச் சட்டமும் இயற்றிற்று. கடந்தகாலச் சீனரிடம் மன்னிப்புக் கேட்பது எளிது. நிகழ்காலத் தமிழனுக்குக் கதவைத் திறப்பதே கடினம். அன்று கனடிய மேடைகளில் ஒலித்த சொற்களைத் தமிழில் பெயர்த்தால் கிடைப்பது ஒரே சொல்: கள்ளத்தோணி. அச்சொல் நமக்குப் புதிதன்று. அதனை நாம் எங்கே, எவர்மீது பயன்படுத்தினோம் என்பதே இனி எழும் வினா.

3. இலங்கையின் விலக்குச் சட்டங்கள்

கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நடந்தே மலைநாட்டை அடைந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளூடாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியே மாத்தளைக்குச் சென்ற பாதை அது. வாந்திபேதியும் அம்மையும் பசியும் அப்பாதையோரமெங்கும் பிணங்களை விட்டுச் சென்றன. மலையக வரலாறு மலையில் தொடங்கவில்லை; வன்னியை அடுத்த இக்காடுகளிலேயே தொடங்கிற்று.

அவ்வுழைப்பினால் உருவான செல்வத்தைத் துய்த்த நாடு, உழைத்தவனை ஏற்க மறுத்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே இந்திய வம்சாவளியினருக்கு வதிவிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1920களில் கொழும்பில் எல்லா இனத் தொழிலாளரையும் திரட்டிய ஏ. ஈ. குணசிங்க, 1930களின் பொருளாதார மந்தத்தில் மலையாளித் தொழிலாளருக்கெதிரான இயக்கத்தின் தலைவரானார். கேர்னி கலிபோர்னியாவில் செய்ததையே அவர் கொழும்பில் செய்தார். 1939இல் அரச திணைக்களங்களிலிருந்து இந்திய நாட்கூலிகள் நீக்கப்பட்டனர். அதற்குப் பதிலாக இந்தியா தன் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது.

சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே அடுத்த அடி விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்திருத்தல் போதாது என்றது. தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவன் தன் பூட்டனின் பிறப்புக்குப் பத்திரம் காட்டுவது எங்ஙனம்? வெறுப்பில் மூழ்கியிருந்த அமெரிக்காவிற்கூடச் சீனத் தொழிலாளியின் மகனுக்கு மண்ணிற் பிறந்த உரிமை கிடைத்தது. நம் நாட்டில் அதுவும் மறுக்கப்பட்டது. நேற்றால் சட்டத்தைப் போன்றே இதிலும் இனத்தின் பெயர் இல்லை. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் சட்டம் செல்லுமென்று கூறியதற்கு இத்தந்திரமே துணைநின்றது.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேரின் பெயரால் விண்ணப்பங்கள் இடப்பட்டன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம். அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குச் சென்றிருந்தமை இப்பறிப்பின் வர்க்க உள்ளடக்கத்தை நன்கு விளக்கும். பின்னர் 1964 ஒக்ரோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் என மனிதரைப் பங்கிட்டது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு சமபாதியாக்கிற்று. பங்கிடப்பட்டோரிடம் எவரும் விருப்பம் கேட்டு ஒப்பந்தம் எழுதவில்லை.

இவ்வலையில் இலங்கைச் சீனரும் அகப்பட்டிருந்தனர் என்பதைப் பலர் அறியார். துணி விற்றும் பற்கட்டும் தொழில் செய்தும் நம் நகரங்களில் வாழ்ந்த அச்சிறு சமூகத்தில் பலர் தலைமுறைகளாக நாடற்றவராயிருந்தனர். மலையகத்தில் எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை அளித்தது. சீனருக்கான சட்டம் 2008இலேயே வந்தது. 1948இல் தொடங்கிய அநீதியைச் சட்டப் புத்தகத்தினின்று நீக்க அறுபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

4. வன்னியில் நிகழ்ந்தது

'இது சிங்களப் பேரினவாதம் தமிழருக்குச் செய்த கொடுமை' என்று கூறி அமைதி கொள்வது நம் வழக்கம். கூற்று உண்மையே, ஆயின் பாதி உண்மை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் வவுனியாவின் பாராளுமன்ற உறுப்பினர் சி. சுந்தரலிங்கம் அமைச்சராக வீற்றிருந்தார். அவர் விலகியது அவ்வாண்டு டிசெம்பரிலேயே. முதலாவது சட்டத்தை எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், அமைச்சரானபின் இரண்டாவது சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகமும் அவரைச் சார்ந்தோரும் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியை நிறுவியது நம் அரசியலின் மதிப்புக்குரிய பக்கம். ஆனால் அப்பக்கத்தை மட்டும் புரட்டிக் காட்டி மற்றதை மூடிவைத்தல் நேர்மையாகாது.

மலைநாட்டில் 1958, 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும் 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களைத் தாக்கிய பட்டினியும் பல்லாயிரம் குடும்பங்களை வன்னிக்குத் துரத்தின. காடு வெட்டியவர்கள் அவர்கள். கிணறு தோண்டியவர்கள் அவர்கள். எல்லைக் கிராமங்களில் முதலில் குடியமர்த்தப்பட்டவர்களும் அவர்களே. வவுனியாவை மையமாகக் கொண்டு இயங்கிய காந்தீயம் அமைப்பினர் அவர்களுக்கு நிலமும் நிழலும் தேட முயன்றனர். அதன் முன்னோடிகளான எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் சோ. இராஜசுந்தரமும் 1983 ஏப்பிரிலில் கைதாகினர். இராஜசுந்தரம் அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். 1984இல் கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து மலையகக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மலையில் துரத்தப்பட்டவன் வன்னியிலும் துரத்தப்பட்டான்.

இவை பிறர் செய்தவை. நாம் செய்தது என்ன? பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் முதலிய குடியிருப்புகளில் வாழ்ந்தோருட் பெரும்பாலோருக்குக் கிடைத்தது மேட்டுநிலமேயன்றி வாய்க்கால் நீர் பாயும் வயலன்று. பிறருடைய வயலில் நாட்கூலிக்கு நாற்று நட்டவரும் அறுத்தவரும் அவர்களே. பிரசாவுரிமையற்றவன் அரச காணிக்கு உரிமை கோர முடியாத காலத்தில் அவன் உழைப்பு மலிவாகக் கிடைத்தது. அம்மலிவினால் நன்மை பெற்றோர் நம்முள் இருந்தனர். பிரசாவுரிமைச் சட்டம் கொழும்பில் இயற்றப்பட்டது. அதன் விளைச்சலை அறுவடை செய்தவருள் வன்னிக் கமக்காரரும் உளர். இதனை ஒப்புக்கொள்ள நாம் ஏன் தயங்குகிறோம்?

பெண் கொடுத்தல், கொள்ளல் என்ற பேச்சு எழும்போது 'அவர்கள் எந்தப் பக்கம்?' என்று விசாரிக்கும் குரலை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். 'தோட்டக்காட்டான்', 'வடக்கத்தியான்', 'கள்ளத்தோணி' என்பன அச்சிடப்படாத பிரசாவுரிமைச் சட்டங்கள். பாராளுமன்றம் 2003இல் தன் சட்டத்தைத் திருத்திற்று. நம் நாவின் சட்டம் இன்னும் திருத்தப்படவில்லை.

இதன் விளைவைக் குடிசன மதிப்பீட்டிலும் காணலாம். 1981இல் வவுனியா மாவட்ட மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இந்தியத் தமிழராகப் பதிவாயினர். 2012இல் அப்பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைந்தது. போரும் சாவும் இந்தியாவுக்குப் பெயர்ந்தமையும் இதன் ஒரு பகுதியை விளக்கும், முழுமையையும் விளக்கா. அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அதே கிராமங்களில் வாழ்கின்றனர். படிவத்தில் தம் பெயரை 'இலங்கைத் தமிழர்' என மாற்றிக்கொண்டனர். அது தன்விருப்பான ஒருமைப்பாடாயின் மகிழ்ச்சியே. ஆயின் ஏளனத்துக்கு அஞ்சி மறைத்த மறைப்பாயின், சான் பிரான்சிஸ்கோவின் காகித மகனுக்கும் வன்னியின் பேரனுக்கும் வேறுபாடு யாது?

5. சில மறுப்புகள்

'ஒவ்வொரு நாட்டுக்கும் தன் எல்லையைக் காக்கும் உரிமை உண்டு' என்பர். எல்லைக்காவலை எவரும் மறுக்கவில்லை. ஆனால் மேற்கூறிய சட்டங்கள் வாசலில் நின்றவனை மட்டும் தடுக்கவில்லை. 1892ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமும் 1948ஆம் ஆண்டு இலங்கைச் சட்டமும் வீட்டினுள்ளே தலைமுறைகளாக வாழ்ந்தவனிடம் 'நீ யார்?' எனக் கேட்டன. எல்லையைக் காப்பதாகக் கூறி எழுதப்படும் சட்டம் வீட்டினுள் நுழைந்துவிடுவதே இவ்வரலாறு முழுவதும் நாம் காண்பது.

'நம் இனம் ஒடுக்கப்பட்டிருக்கும் வேளையில் உட்பிளவை ஏன் கிளறவேண்டும்?' என்பது வேறொரு மறுப்பு. இதனைக் கூறுவோர் பெரும்பாலும் வயலும் உறுதியும் உடையோர். பிளவை உண்டாக்குவது அதனைச் சுட்டுபவனல்லன். மேட்டுநிலத்தையும் தாழ்நிலத்தையும் பிறப்பை வைத்துப் பங்கிட்டவனே. 2009இல் குண்டு விழுந்தபோது அது எவருடைய பூட்டன் எங்கே பிறந்தான் என விசாரிக்கவில்லை. சாவில் ஒன்றாக்கப்பட்டவர்களை வாழ்வில் வேறாக்க எவருக்கு என்ன அருகதை?

'காலம் தானே ஆற்றும்' என்பது மூன்றாவது. அமெரிக்காவில் காலம் ஆற்றியது அறுபத்தொரு ஆண்டுகளில், அதுவும் போரின் தேவையினால். காலத்தை நம்பி வாளாவிருப்பது, பாதிக்கப்படாதவனுக்கு மட்டும் இயலும் பொறுமை.

6. நாம் செய்யவேண்டியது

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் காணி பங்கிடும் நிறுவனமன்று. எனினும் அதன் கையில் மூன்று பணிகள் உள. ஒன்று, வன்னிக் குடியேற்றங்களின் வரலாற்றை அங்கு வாழும் முதியோரின் வாய்மொழியாகவே பதிந்து வைத்தல். நடந்து வந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் சிலரே உயிருடன் உளர். அவர்களும் மறைந்தால் நம்மிடம் எஞ்சுவது அரச கோவை ஒன்றே. இரண்டு, அனுமதிப்பத்திரமும் நீரும் இன்றி இருக்கும் குடும்பங்களின் நிலையைக் கிராமந்தோறும் ஆராய்ந்து, பெயர்களை வெளியிடாது, எண்களை மட்டும் பகிரங்கமாக முன்வைத்தல். கமத்தொழிலும் நிலவளவையும் கற்கும் மாணவர் நம்மிடையே உளர். அவர்தம் கல்விக்கு இதனினும் தகுந்த களம் கிளிநொச்சியில் வேறில்லை. மூன்று, வன்னியின் வரலாறு என்று நாம் எழுதும் நூல்களில் பண்டார வன்னியனுக்கு அளிக்கும் பக்கங்களுள் சிலவேனும் காடு வெட்டிய கைகளுக்கு அளித்தல்.

இவற்றிற்கெல்லாம் முன்னே செய்யவேண்டிய ஒன்று உண்டு. அதற்குப் பணமோ அனுமதியோ வேண்டுவதில்லை. கள்ளத்தோணி என்ற சொல்லை நம் விடுதிகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் ஒழித்தல் வேண்டும். 2010இல் கனடியக் கரையில் ஒதுங்கிய அந்தக் கப்பலில் இருந்தவர்கள் நம் உறவினர், நம் ஊரார், நம்மோடு படித்தவர். அவர்களை அவ்வாறு அழைத்தோரை நாம் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த நியாயத்தைக் கனடாவிடம் கேட்கும் வாய், வன்னியில் தன் அயலவனுக்கு அதனை மறுக்குமாயின், அது கேட்பது நியாயமன்று, சலுகை.